பெட்ரோல் கட்டுபடியாகவில்லை

ஜூன் 5, திங்கள்

காம்பவுண்டுத் தூணைக் கட்டின கொத்தனாரை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். வாசலை ஒரு முழம் அகலமாக வைத்திருந்தால் அவன் அப்பன் வீட்டுச் சொத்தா குறைந்துபோயிருக்கும்? இன்று காரை உள்ளே எடுக்கும்போது இடது பக்கக் கதவு தூணில் உரசி, ஒரு சாண் நீளத்துக்கு பெயின்ட் உரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு அரசு பஸ் ஓட்டியவன் நான். தேரோட்டக் கூட்டத்துக்குள்ளே வண்டியை வளைத்து ஒடித்துக் கொண்டுபோனவன். ஒரு கோழிக்குஞ்சுகூட என் சக்கரத்தில் அடிபட்டது கிடையாது. சால்வை போர்த்தி, பாராட்டுப் பத்திரம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த வீட்டு வாசல் வில்லங்கம் பண்ணுகிறது.

சத்தம் கேட்டு என் மனைவி உலகம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். கதவைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். காரை வித்துருங்க என்றாள். பெட்ரோல் விற்கிற விலைக்கு இது கட்டுபடியாகாது, ஊருக்குள் போய்வர ஒரு சைக்கிள் போதும் என்றாள்.

ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கின செகண்ட் ஹேண்ட் கார் இது. ஊராருக்கு ஓட்டினது போதும், இனி என் வீட்டாளுகளுக்கு ஓட்டுவோம் என்று வாங்கினேன். மகள் நித்யகல்யாணி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். ஆகஸ்ட் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மகளை என் கையால் ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்னால் காரை விற்கிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் போட்டி வைத்துப் பார்ப்போமா என்றாள் உலகு.

ஜூன் 6, செவ்வாய்

விதி போட்டாயிற்று. நித்யாவைக் கூட்டிவந்து பிரசவத் தேதி நெருங்குகிறவரை ஊருக்குள் எந்த வேலைக்கும் காரை எடுக்கக் கூடாது. மார்க்கெட், ரேஷன் கடை, பாங்கு, உலகு தலைவியாக இருக்கிற மகளிர் குழு, எல்லாம் சைக்கிளில்தான். ஊர் தாண்டிப் போவதென்றால் மட்டும் கார். அப்படிப் போகும்போது அவளும் கூட வருவாளாம். எதற்கு என்றேன். செலவைக் கண்ணால் பார்க்க வேண்டாமா என்றாள். இரண்டுக்கும் ஆகிற செலவை இந்த டைரியின் பின்பக்கத்தில் நான் எழுத வேண்டும். கார் தோற்றால் பிரசவத்துக்கு முன்பே விற்றுவிட வேண்டும். சைக்கிள் தோற்றால் அவள் பெட்ரோல் என்ற வார்த்தையை ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது.

நான் சரி என்றதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயசு. மூன்றாம் நாள் மூட்டுவலி என்று உட்கார்ந்துவிடுவாள், பாருங்கள்.

நித்யா பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள் பின்கட்டில் கிடந்தது. துடைத்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, தெருவில் ஒரு சுற்று சுற்றிவந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

தூணில் உரசின செலவை எழுதவில்லை. அது போட்டிக்கு முந்தின நாள் நடந்தது, சேராது.

ஜூன் 9, வெள்ளி

காரை எடுக்க ஒரு வேலையும் இல்லை. கை அரிக்கிறது.

ஜூன் 12, திங்கள்

கடவுள் கண்ணைத் திறந்தார். மேலத்தெரு சண்முகவடிவுக்குப் பல்வலி, திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார்கள். ஆகா என்று கிளம்பினேன். உலகு சொன்னபடியே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

இந்தப் பொம்பளையோடு கார் ஓட்டுவதற்கு ரெண்டு மாட்டைப் பூட்டி வண்டி அடிக்கலாம். வாய் ஓயவில்லை. அந்தா எருமை நிக்கி, அந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளில் வருது, அந்தா ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நடந்து போறா, அந்தா மண் லாரி ஓரங்கட்டியிருக்கு. சேரன்மகாதேவி வரைக்கும் இதே பாட்டு. அதிலும் ஒரு விசேஷம். வலப்பக்கம் வாய்க்கால் பெருகி ஓடுகிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் கண்ணுக்குப் படுவதெல்லாம் இடது ஓரத்துச் சமாச்சாரம்தான். நீ என்ன கண்டக்டரா என்று கேட்டேன். பஸ்ஸில் இடது பக்கம் கண்டக்டர் பொறுப்பு. அவன் விசில் கொடுத்தால் எடுப்போம், டபுள் விசில் கொடுத்தால் நிறுத்துவோம். டிரைவர் அந்தப் பக்கம் பார்க்கிற பழக்கமே கிடையாது. உலகு சிரித்துக்கொண்டு, விசில் இல்லாததுனாலதானே வாயால சொல்லுதேன் என்றாள்.

சண்முகவடிவு வீட்டில் பெட்ரோலுக்குக் காசு தரவில்லை. நாலு முருங்கைக்காய் கொடுத்துவிட்டார்கள். உலகு அதை கார் வரவில் எழுதச் சொல்லிக் கேலி பண்ணினாள்.

ஜூன் 18, ஞாயிறு

வாசுதேவநல்லூரில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு முடிந்து நித்யாவைக் கூட்டிவந்தோம். மாப்பிள்ளை ஓசூர் கம்பெனியில் லீவு கிடைக்காமல் வளைகாப்பு அன்றைக்கே திரும்பிப் போய்விட்டார். கை நிறைய வளையலோடு மகள் பின்சீட்டில் ஏறினாள். கடையம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். எழுந்ததும், நீங்க ஓட்டினாத்தாம்ப்பா தூக்கம் வருது, அவர் ஓட்டினா கண்ணைத் திறந்துக்கிட்டே கிடக்கணும் என்றாள். இதைக் கேட்கத்தானே காரை வாங்கினேன். உலகுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அந்தா ஆட்டுக்கிடை வருது என்றாள்.

ஜூன் 27, செவ்வாய்

மூட்டுவலியும் வரவில்லை, முதுகுவலியும் வரவில்லை. இந்த மாதம் முழுவதும் சைக்கிளுக்கு ஆன செலவு ஒரே ஒரு பஞ்சர். காருக்கோ, ஷெட்டில் சும்மா நின்றாலும் செலவு. இன்சூரன்ஸ் முடிகிறது. பேட்டரி இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம். கார் வைத்திருக்கிறவன் பணக்காரன் என்று கோயில் கொடைக்கு நன்கொடையை இரட்டிப்பாக எழுதிக்கொண்டு போனார்கள். அதையும் கார் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உலகு ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் மட்டும் இளைத்தவனா? சைக்கிள் மிதித்துவிட்டு வந்து ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறாள். மாதத்துக்கு அறுபது இட்லி, அதற்குச் சட்னி. எல்லாவற்றையும் சைக்கிள் பக்கம் எழுதினேன். நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை 3, திங்கள்

சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன். இடது பக்கம் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது? உலகு துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கண்ணை ஒரு தடவை காட்டிவிட்டு வருவோமா என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ் டிரைவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டச் சொல்வதும், கை கால் விளங்காதவன் என்று சொல்வதும் ஒன்றுதான். சர்வீஸ் முழுக்க எத்தனை டெஸ்ட் பார்த்தவன் நான். சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையில் கடைசி வரி டிப்போவில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஒருத்தன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுத்தவனுக்குச் சொல்வான். ஆனால் எனக்கு அந்த மனப்பாடமே தேவைப்பட்டதில்லை. இன்றைக்கும் எதிர்வீட்டுக் காலண்டரில் தேதிக்குக் கீழே உள்ள ராகுகாலத்தை இங்கிருந்தே படிப்பேன். படித்தும் காட்டினேன். அவள் செம்பை எடுத்து வலது பக்கம் வைத்தாள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

இன்றும் சாப்பிடவில்லை. ராத்திரி மட்டும் நித்யாவுக்காக ஒரு தோசை.

ஜூலை 11, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். உலகு குழுக் கூட்டத்துக்கு சைக்கிளில் போய்விட்டாள். நித்யா தூங்கினாள். நான் ஷெட்டுக்கும் வாசலுக்கும் எத்தனை நடைதான் நடப்பது? பேட்டரி இறங்கிவிடும், கல்லிடைக்குறிச்சி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவோம் என்று எடுத்தேன். அடுத்த ஊர்தானே, விதிப்படி ஊர் தாண்டினதுதான். அவள் கூட இல்லாதது ஒன்றுதான் குறை. அதுவும் ஒரு நிம்மதிதான். வாய்க்கால் ஓரத்தில் வரும்போது பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான், எவனோ கத்தினான். சாரலில் எவன் எவனைக் கத்தினால் நமக்கென்ன என்று வந்துவிட்டேன்.

அவள் வருவதற்குள் காரை ஷெட்டில் விட்டுத் துடைத்துவிட்டேன். சிறிது நேரம் கழித்து ஆசீருடைய ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பக்கத்துத் தெருப் பையன், என்னை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றிவருகிறவன். ஆட்டோவிலிருந்து உலகு இறங்கினாள். சேலை முழுக்கச் சேறு. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். ஆட்டோவின் பின்னால் சைக்கிள், ஹேண்டில்பார் கோணியிருந்தது. ஈர ரோட்டில் வழுக்கி வாய்க்காலில் விழுந்துவிட்டாளாம்.

பதறிவிட்டேன். பதறின வேகத்தில் திட்டினேன். இதற்குத்தான் சொன்னேன், இந்த வயசில் சைக்கிளா என்று. ஆசீர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். காசு வேண்டாம் என்றான். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். ஆட்டோக் கூலி, ஊசி, களிம்பு, ஹேண்டில்பார் நிமிர்த்தினது எல்லாவற்றையும் சைக்கிள் செலவில் எழுதினேன். முதல் தடவையாக சைக்கிள் பக்கம் கணக்கு ஏறியிருக்கிறது.

ஜூலை 13, வியாழன்

கையில் கட்டோடு மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிடிவாதக்காரி.

கார் கதவில் புதிதாக ஒரு கீறல். கல்லிடைக்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது எவனோ உரசியிருக்க வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. பட்டறைக்காரர் காஜா பாய் ஏற்கெனவே தூண் உரசலுக்குப் பட்டி பார்க்க ஒரு தொகை சொல்லியிருக்கிறார். ஈரத்துணியால் துடைத்தேன். கீறலில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட் போகவில்லை. மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். சைக்கிளும் நீலம்தான். ஊரில் எத்தனையோ நீலம் இருக்கிறது.

ஜூலை 21, வெள்ளி

ஆடி பிறந்து காற்று ஆளைத் தள்ளுகிறது. இடது பக்கத்துக்குப் பெரிய கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினேன். இது கார் செலவில்லை, பாதுகாப்பு. உலகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கேலி பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

நித்யாவுக்கு ஸ்கேன் எடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டு வந்தோம். குழந்தை நன்றாக இருக்கிறது. டாக்டர் பாளையங்கோட்டையில்தான் என்பதால் பிரசவத்துக்கும் அங்கேதான் போக வேண்டும். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, பால் வாங்கப் போனேன். ஊருக்குள்தான், காரில்தான், தப்புதான். பஜார் முக்கில் இடது பக்கத்திலிருந்து ஆசீரின் ஆட்டோ திடீரென்று முளைத்தது. பிரேக் போட்டேன். இறங்கி, ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். லைசென்ஸை எந்தச் சந்தையில் வாங்கினே என்றுகூடக் கேட்டுவிட்டேன். நான் விடுவதாக இல்லை. கடைசியில் என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போனான்.

"அண்ணாச்சி, நான் திடீர்னு வரல. முன்னாலயே வந்து உங்களுக்காக நின்னுக்கிட்டுருந்தேன். அன்னைக்கு மதினிய வாய்க்கால்ல தள்ளுனதும் உங்க கார்தான். நான் பின்னாலயே வந்தேன். ஹாரன் அடிச்சேன், கத்துனேன், நீங்க திரும்பிப் பாக்காம போயிட்டீய. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மதினி எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். பால் வாங்கவில்லை. ஆசீர் பின்னால் காரைக் கொண்டுவந்து விட்டுப்போனான்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆட்டோக் கூலி, ஊசி, களிம்பு, ஹேண்டில்பார். சைக்கிள் பக்கத்தில் அடித்துவிட்டு கார் பக்கத்தில் எழுதினேன்.

ஆகஸ்ட் 5, சனி

ஓய்வுபெற்ற டிரைவர்கள் சங்கத்து வேலை என்று பொய் சொல்லிவிட்டு பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன்.

எழுத்து அட்டையில் கடைசி வரி வரை படித்தேன். அந்த நர்ஸ் பிள்ளையே ஆச்சரியப்பட்டது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு இருட்டறையில் சட்டிபோல ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நேரே பார்த்துக்கொண்டே, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்குச் சரியாக அமுக்கினேன். இடது கண்ணுக்கு மாற்றினார்கள். காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், ஒன்றும் வரவில்லை. மிஷின் ரிப்பேர்மா, வெளிச்சம் வரலை என்று சொன்னேன். அந்தப் பிள்ளை, வந்துக்கிட்டுதான் இருக்குய்யா என்றது.

கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டதாம். இடது கண்ணில் நேர்ப்பார்வை மட்டும்தான் மிச்சமாம். ஓரமெல்லாம் போய்விட்டது, திரும்பி வராது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வலி கிலி ஒன்றும் இல்லையே என்று சண்டை போட்டேன். இந்த நோய் வலிக்காது என்றார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொல்லவில்லை. கார் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு கிடைத்தது. வழக்கமாகப் புது டிரைவர் கியர் போடுகிறதைக் குறை சொல்லிக்கொண்டே வருவேன். இன்று வாயைத் திறக்கவில்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 7, திங்கள்

இரண்டு நாள் மனசுக்குள் வைத்துப் புழுங்கினேன். இன்று நித்யா குளிக்கப் போன நேரத்தில் அடுப்படிக்குப் போய் நின்றேன். உலகு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் குப்பியை அவள் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு என்று மட்டும் கேட்டாள். அதிர்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். போன பொங்கலிலிருந்து என்றாள்.

அதற்காகத்தான் காரில் அந்த ஓயாத பேச்சு. அந்தா எருமை, அந்தா சைக்கிள், அந்தா ஆட்டுக்கிடை. எனக்கு மண்டையில் அடித்தமாதிரி இருந்தது. வாய்க்காலில் விழுந்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே, உன்னைக் கொன்றிருப்பேனே என்று கத்தினேன். மெதுவாகப் பேசுங்க, பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்றாள். அப்படியானால் இந்தப் போட்டி, இட்லிக் கணக்கு, பஞ்சர் கணக்கு எல்லாம் எதற்கு என்று கேட்டேன். வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கண்ணு தெரியலன்னு வண்டிய வித்தா நீங்க அதோட ஒடிஞ்சு உக்காந்துருவீய. பெட்ரோல் கட்டுபடியாகலன்னு வித்தா, நாலு பேருட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கிடலாம்லா. டிரைவர் டிரைவராவே இருந்துட்டுப் போட்டுமேன்னு நினைச்சேன்."

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்கே இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் நான். அவளை என்னவென்று கேட்பது?

கணக்கைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம், கார் தோற்றுவிட்டது என்று நானே சொன்னேன். ஆனால் ஒரே ஒரு தடவை, நித்யாவை மட்டும் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், அதற்கப்புறம் சாவியைத் தொடமாட்டேன் என்றேன். உலகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். இந்தச் சைக்கிளில் நான் ஏறுவது இதுதான் முதல் தடவை. மனசுக்குள் ஒரு திட்டம். கழுத்தை அடிக்கடி இடப்பக்கம் திருப்பிப் பழகிவிட்டால் ஒரு நாள் ஓட்டத்துக்குப் போதாதா? கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனேன். முன்னால் வந்த டிராக்டரைப் பார்த்த நேரத்தில் இடப்பக்கம் கட்டிக்கிடந்த கன்றுக்குட்டியைப் பார்க்கவில்லை. கயிற்றில் மாட்டி விழுந்தேன்.

முழங்காலில் சிராய்ப்பு. கன்றுக்குட்டிக்கு ஒன்றும் இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு புல்லைத் தின்றது. உட்கார்ந்து யோசித்தேன். சைக்கிளில் தவறினால் என் முட்டிதான் உடைகிறது. காரில் தவறினபோது உலகுவின் கைத்தோல் உரிந்தது. இதை எந்தப் பக்கத்தில், எவ்வளவு என்று எழுதுவது? அப்படியும் ஆசை விடமாட்டேன் என்கிறது. காலை நேரமானால் ரோடு காலியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 19, சனி

நாள் நெருங்குகிறது. டேங்க் நிரப்பி வைத்தேன், டயருக்குக் காற்றுப் பார்த்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நித்யா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்பா வண்டிய இன்னும் எத்தனை தடவ துடைப்பீங்க என்று சிரிக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்த நித்யா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வலி கண்டுவிட்டது. உலகு பையை எடுத்தாள், நான் சாவியை எடுத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. காரை வெளியே எடுத்தேன், தூணில் உரசாமல் எடுத்தேன். நித்யா பின்சீட்டில் ஏறிச் சாய்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. வலிக்கு நடுவிலும் என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க ஓட்டுனா எனக்குப் பயமே இல்லப்பா" என்றாள்.

உலகு பின்சீட்டில் அவளோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் தாயும் அங்கேதான் உட்காருவாள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். மகளைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் வந்து, என் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தாள். பின்னால் அடுத்த வலி வந்து நித்யா அம்மா, அம்மா என்று கையை நீட்டினாள். உலகு திரும்பவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. "அந்தா தெருமுக்குல மாட்டுவண்டி நிக்கி, பாத்துப் போங்க" என்றாள்.

நான் என்ஜினை அணைத்தேன்.

இறங்கி ஓடிப்போய் ஆசீரைக் கூட்டிவந்தேன். சாவியை அவன் கையில் கொடுத்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். உலகு பின்னால் போய் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏம்ப்பா நீங்க ஓட்டல என்று நித்யா கேட்டாள். அப்பாவுக்குக் கழுத்துப் பிடிப்பு என்று உலகு முந்திக்கொண்டாள். என்னைக் காப்பாற்றுவதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

"கழுத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்பாவுக்கு இடப்பக்கம் கண்ணு தெரியல. இனிமே நான் வண்டி ஓட்ட மாட்டேன்" என்றேன்.

கார் நகர்ந்தது. எனக்குக் கிடைத்தது முன்னால் இடது சீட்டு. வாங்கின நாளிலிருந்து அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. பின்னால் நித்யா அழுதாள். வலிக்கா, எனக்கா என்று தெரியவில்லை. ஆசீர் நன்றாகவே ஓட்டினான். வீரவநல்லூர் தாண்டினதும், இந்த வண்டிக்கு ஆள் பாரு என்று சொன்னேன். ஏன் அண்ணாச்சி, பெட்ரோல் கட்டுபடியாகலையா என்றான். உலகு அவனுக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் வைத்திருக்கிறாள். இல்லை, கண்ணு தெரியாதவனுக்கு எதுக்கு வண்டி என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது முதல் தடவை அளவுக்கு வலிக்கவில்லை.

பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சு இல்லை. கதவுக்கு நேரே சுவரில் சாய்ந்து நின்றேன். மத்தியானம் ஆயிற்று. ஆசீர் டீ வாங்கிவந்தான், குடிக்கவில்லை. மாப்பிள்ளை ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் பண்ணினார். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்தால் முதலில் பார்ப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்தேன். அந்தக் கதவு திறக்கவே இல்லை.

தோளில் ஒரு கை பட்டது. உலகு.

"ஏங்க, இந்தப் பக்கம் திரும்புங்க. பக்கத்து வாசல் வழியா வந்துட்டாவ. நர்சம்மா எவ்வளவு நேரமா பிள்ளைய நீட்டிக்கிட்டு நிக்காவ."

கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பினேன். என் கைக்கு எட்டுகிற தூரத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி, பேத்தி. கை தவறிவிடக் கூடாதென்று தரையில் உட்கார்ந்துகொண்டுதான் வாங்கினேன்.